அலுமாரித் தட்டில் ஓர் அமானிதம்

உங்கள் மூத்தம்மாவின் அலுமாரியை அண்மையில் திறந்து பார்த்தீர்களா?

அடித்தட்டில், துணியில் சுற்றியபடி, அட்டை கழன்று பூச்சி அரித்த ஒரு கிதாபு இருக்கலாம். அறபு எழுத்தாயிற்றே என்று கண்ணில் ஒற்றி மீண்டும் வைத்துவிடுகிறோம். மிகவும் சிதைந்துவிட்டால் கால் படாத இடத்தில் புதைக்கிறோம். அல்லது கடலில் விடுகிறோம். மரியாதை கருதியே செய்கிறோம். ஆனால், அதற்குமுன் ஒரு பக்கத்தை எழுத்துக்கூட்டி ஓதிப் பாருங்கள். நாவில் வருவது அறபாக அல்லாமல் தமிழாக இருக்கலாம்!

அதுதான் அறபுத் தமிழ். அறபில் இல்லாத தமிழ் ஓசைகளுக்காகப் புள்ளிகளும் குறிகளும் கூட்டி, அறபெழுத்தில் எழுதப்பட்ட தமிழ். தமிழெழுத்துப் படிக்க வாய்ப்பில்லாது, குர்ஆன் ஓத மட்டும் கற்ற நம் முன்னைய பெண்கள் பலர் தொழுகை, நோன்பு ஆகியவற்றின் சட்டங்களை இதன் வழியே அறிந்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை ஆலிம் அவர்களின் ‘பத்ஹுத் தய்யான்’ இவ்வகைக் கிதாபுதான். இன்று நம் பிள்ளைகள் தமிழும் வாசிக்கிறார்கள், குர்ஆனும் ஓதுகிறார்கள். ஆனால், இரண்டும் இணைந்த இந்த எழுத்தைக் கண்டால் விழிக்கிறார்கள்.

இத்தகைய பழம் நூல்களைக் கணனி வழியே காத்து, எல்லோரும் வாசிக்கத் திறந்துவிடுவது இன்று ஒரு தொழிலாகவே வளர்ந்துள்ளது. அழியும் நிலையிலுள்ள ஆவணங்களை அவை இருக்கும் நாட்டிலேயே படம்பிடிக்க உதவும் திட்டமொன்றை பிரிட்டிஷ் நூலகம் 2004 இல் ஆரம்பித்தது. நம் நாட்டில், 2005 இல் தொண்டர்கள் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் முஸ்லிம்களின் நூல்களையும் சஞ்சிகைகளையும் இலவசமாக வாசிக்கலாம்.

இதன் அவசியத்தை நாம் அனுபவத்தில் அறிந்தவர்கள். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகள் மீளவே இல்லை. ஹஸ்ரத் உஸ்மான் (ரழி) அவர்கள் குர்ஆனைப் பிரதியெடுப்பித்து வெவ்வேறு நகரங்களுக்கு அனுப்பிவைத்த வரலாறு நமக்குத் தெரியும். ஒரே இடத்தில் இருப்பது ஒரே நாளில் அழியலாம்.

வேலை எப்படி நடக்கிறது? நூலை முழுவதும் மல்லாத்தி அழுத்தாமல், சாய்வான தாங்கியில் வைக்கிறார்கள். மேலே பொருத்திய கெமராவால் பக்கம் பக்கமாகப் படமெடுக்கிறார்கள். இதைப் பொறுமையுள்ள எவரும் பழகிக்கொள்ளலாம். கடினமான பாதி இனித்தான் வருகிறது. நூலின் பெயரென்ன, எழுதியவர் யார், எந்த ஆண்டு, எதைப் பற்றியது என்று பட்டியலிட வேண்டும். பட்டியலில் இல்லாத படத்தை யாரால் தேடி எடுக்க முடியும்? மங்கிய கல்லச்சுப் பக்கத்தைப் பிழையின்றி வாசிக்கக் கணனியை மட்டும் நம்ப முடியாது. அறபெழுத்தும் தமிழும் ஒருங்கே அறிந்த கண் வேண்டும்.

சகோதரியே, அந்தக் கண் உங்கள் மகளுக்கு ஏற்கனவே இருக்கிறது! குர்ஆன் மத்ரஸாவில் பாதியும் பள்ளிக்கூடத்தில் பாதியும் அவள் கற்றுவிட்டாள். சிறிது பயிற்சிதான் மீதி.

உயர்தரம் முடித்தவளாயின் நூலகத் துறைப் படிப்பைப் பற்றி விசாரியுங்கள். களனிப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனித்துறை உண்டு. இலங்கை நூலகச் சங்கமும் டிப்ளோமா வகுப்புகள் நடத்துகிறது. ஒன்றை மறைக்கக் கூடாது: இத்துறையில் பல வேலைகள் திட்டம் முடியும்வரையான ஒப்பந்த வேலைகளே. பெரும் சம்பளத்தை எதிர்பார்த்துப் போகும் இடமல்ல. ஆனாலும், இந்தப் படிப்பு நூலகங்களிலும் பாடசாலைகளிலும் கைகொடுக்கும்.

அதுவரை உங்களால் இயன்றதைச் செய்யுங்கள். கிழிந்த தாளில் பிசின் நாடா ஒட்டாதீர்கள். ஈரம் படாத இடத்தில் வையுங்கள். வாசிக்கத் தெரிந்த முதியவர் வீட்டிலிருந்தால், மகளை அருகில் உட்காரவைத்து ஒரு பக்கமேனும் ஓதிக் காட்டச் சொல்லுங்கள். புதைப்பதற்குமுன் ஒருமுறை வாசிப்போம். மண்ணுக்குள் போவது நம் மூத்தம்மாமாரின் கல்வியாகவும் இருக்கலாம் அல்லவா?