தள்ளாடும் கால், தடிக்கும் இதயம்

2007-ம் ஆண்டு, கைல் பிரையன்ட் என்ற அமெரிக்க இளைஞர் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் கிளம்பி, டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் வரை மிதித்தே போய்ச் சேர்ந்தார். அவர் ஓட்டியது மூன்று சக்கர சைக்கிள். இரண்டு சக்கரத்தில் விழாமல் இருக்க அவரால் முடியாது. 17 வயதிலேயே அவருக்கு வந்திருப்பது ‘ஃப்ரீட்ரிக் அட்டாக்ஸியா’ என்று தெரிந்துவிட்டது.

கண்ணை மூடிக்கொண்டாலும் கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்று நமக்குத் தெரிகிறதல்லவா? அந்தச் செய்தியைத் தண்டுவடத்துக்குக் கொண்டுபோகும் நரம்புகளை அரிக்கிற நோய் இது. பெரும்பாலும் 5 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையே தொடங்கும். ஓடி விளையாடிய பிள்ளை அடிக்கடி இடறி விழும். “பார்த்து நடக்கத் தெரியாதா?” என்று திட்டு வாங்கும். பிறகு பேச்சு குழறும், முதுகெலும்பு வளையும். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பலர் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுகிறார்கள்.

ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் மருத்துவப் பேராசிரியராக இருந்த நிக்கோலஸ் ஃப்ரீட்ரிக் இந்த நோயை 1863-ல் விவரித்தார். காரணமான மரபணு பிடிபட்டது 1996-ல்தான். ஒன்பதாவது குரோமோசோமில் உள்ள அந்த மரபணுவில் ‘ஜி-ஏ-ஏ’ என்ற மூன்றெழுத்துத் தொடர் நோயாளிகளுக்குப் பல நூறு முறை திரும்பத் திரும்ப வருகிறது. அதனால் ஃபிராடாக்சின் என்ற புரதம் போதிய அளவு உருவாவதில்லை. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா தடுமாறுகிறது.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த மரபணுவின் பழுதான பிரதி வந்தால்தான் நோய். அந்தப் பெற்றோர் நலமாகவே இருப்பார்கள். “எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே!” என்று அவர்கள் திகைப்பது அதனால்தான்.

ஓயாமல் உழைக்கும் இதயத்துக்கு ஆற்றல் குறைந்தால் என்ன ஆகும்? அதன் தசை தடிக்கிறது, துடிப்பு தாறுமாறாகிறது. நோயாளிகளின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது இதுவே. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லி மற்றவர்கள் டாக்டரிடம் போவார்கள். படியே ஏற முடியாதவருக்கு அந்த எச்சரிக்கை எப்படிக் கிடைக்கும்? ஈசிஜி, எக்கோ பரிசோதனைகளைத் தவறாமல் செய்துகொள்வது அதனால்தான் அவ்வளவு அவசியம்.

இந்த நோய்க்கென்று முதல் மருந்துக்கு அமெரிக்க அரசு 2023 பிப்ரவரியில் அனுமதி தந்தது. பெயர் ஓமாவெலாக்சலோன், 16 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். நோயை அது குணப்படுத்துவதில்லை. ஆண்டுக்கு சுமார் 3,70,000 டாலர் என்று விலை வைத்தார்கள். அந்த மருந்துக்கான சோதனையில் கடுமையான இதயக் கோளாறு உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு வேறொரு முயற்சி நடக்கிறது: பழுதில்லாத மரபணுவை ஒரு வைரஸில் ஏற்றி, ரத்த நாளம் வழியே இதயத் தசைக்கே அனுப்பிப் பார்க்கிறார்கள்.