கிழங்குக்கும் கண் உண்டு!

விதையில் ஏமாந்தால் விளைச்சல் போச்சு

உருளைக்கிழங்கு பிடிக்காத குழந்தை உண்டா? பொரியல், குருமா, போண்டா எல்லாவற்றுக்கும் அது வேண்டும்.

நெல்லுக்கு விதை நெல் இருப்பது போல, உருளைக்கிழங்குக்கு விதை அந்தக் கிழங்கேதான். தாய்க்கிழங்கில் நோய் இருந்தால் பிள்ளைக்கும் வந்துவிடும்.

10 லட்சம் பேர் பலி

அயர்லாந்து நாட்டு ஏழைகளுக்கு ஒரு காலத்தில் உருளைக்கிழங்குதான் சோறு. 1845-ம் ஆண்டு அங்கே கருகல் நோய் பரவியது. செடி கருகியது. கிழங்கு அழுகியது. அடுத்த ஆண்டும் அதே கதி. பட்டினியாலும் காய்ச்சலாலும் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள்.

அந்த நோய் இன்றும் இருக்கிறது. விதைக்கிழங்குக்குள் ஒளிந்திருந்து, மழையும் குளிரும் சேர்ந்தால் வெளியே வரும்.

எந்தக் கிழங்கு நல்லது?

பெரிய கிழங்கை விற்றுவிட்டு, மிஞ்சிய பொடியை விதைக்கு ஒதுக்குவது தவறு. நோய் கண்ட செடியிலும் கிழங்கு சிறுத்துப்போகும். நல்ல செடியில் விளைந்த, 40 முதல் 50 கிராம் எடையுள்ள கிழங்கே விதைக்கு ஏற்றது. அழுகல், வெடிப்பு, புழுத்துளை இருந்தால் தள்ளிவிடுங்கள்.

தூங்கும் கிழங்கு

தோண்டிய கிழங்கை உடனே நட்டால் முளைக்காது. இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அது தூங்கும். பிறகு அதன் 'கண்'கள் விழிக்கும். கண் என்பது முளை வரும் சிறு குழி.

அப்போது கிழங்கை நேர் வெயில் படாத, வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் பரப்ப வேண்டும். முளை குட்டையாக, தடித்து வரும். இருட்டில் வைத்தால் வெளுத்து நீண்டு, தொட்டால் ஒடியும்.

வெளிச்சத்தில் கிழங்கு பச்சையாகும். விதைக்கு அது நல்லது. சமையலுக்கு ஆகாது, அதில் நஞ்சு உண்டு!

கத்தியில் ஆபத்து

முழுக்கிழங்கை நடுவதே மேல். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால், துண்டுக்கு இரண்டு கண்ணாவது இருக்கட்டும். வெட்டிய இடத்தில் பழுப்பு வளையம் தெரிந்தால் அது வாடல் நோய். அந்தக் கிழங்கை எறிந்துவிட்டு, கத்தியைக் கொதிநீரில் முக்கி எடுங்கள். இல்லாவிட்டால் அதே கத்தி மற்ற கிழங்குகளுக்கும் நோயைக் கொடுத்துவிடும். துண்டுகளை நிழலில் காயவைத்த பிறகே நட வேண்டும்.

நடும் முறை

ஒன்றரை அடிக்கு ஒரு பார். பாரில் முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி. முளை மேல்நோக்கி இருக்க வேண்டும். செடி வளர்ந்ததும் மண் அணையுங்கள். கிழங்கு வெளியே தெரிந்தால் பச்சையாகிவிடும்.

நீலகிரிக்கு வந்த எதிரி

1961-ம் ஆண்டு, இந்தியாவிலேயே முதன்முதலாக நீலகிரியில் ஒரு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. வேரைத் தாக்கும் இந்தப் புழுவின் முட்டைக்கூடு, மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். கிழங்கிலும் சாக்கிலும் ஒட்டிய மண்ணோடு ஊர்விட்டு ஊர் போகும். ஆகவே, ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் உருளைக்கிழங்கு போடாமல் கோஸ், கேரட், பீன்ஸ் என்று மாற்றிப் பயிரிட வேண்டும்.

விதை வாங்கும்போது விலையை மட்டும் பார்த்தால் போதாது. கிழங்கின் கண்ணையும் பாருங்கள்!