சாப்பிட ஆரம்பிச்சதும் நெஞ்சு எரியுதா? ஈட்டிங் டிஸார்டரில் இருந்து மீள்பவர்களுக்கு அசிடிட்டி ஏன் வருது, எப்படி சமாளிப்பது?

‘பட்டினியா கிடந்தப்போகூட இப்படி எரிஞ்சதில்ல. வேளாவேளைக்கு சாப்பிடச் சொன்னாங்க, சாப்பிட்டா நெஞ்செல்லாம் நெருப்பு!’

அனோரெக்ஸியா, புலிமியா போன்ற ஈட்டிங் டிஸார்டர்களில் இருந்து மீண்டு வருபவர்கள் பலர் சொல்லும் புகார் இது. புளிச்ச ஏப்பம், தொண்டை வரைக்கும் எதுக்களிப்பது, நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு கல் மாதிரி ஆவது என வரிசையாக வரும். எரிச்சலைவிட அதற்குப் பிறகு மனசு எடுக்கும் முடிவுதான் இதில் ஆபத்தானது. ‘பார்த்தியா, சாப்பாடு எனக்கு ஒத்துக்கல’ என்று தோன்ற ஆரம்பித்தால், அங்கிருந்து பழைய பட்டினிக்கு ஒரு எட்டுதான்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் உணவைக் கடுமையாகக் குறைத்துக்கொண்டே போவது அனோரெக்ஸியா. கட்டுப்பாடே இல்லாமல் சாப்பிட்டுவிட்டு, அதை வாந்தி போன்ற வழிகளில் ஈடுகட்டப் பார்ப்பது புலிமியா. இரண்டுமே மனநலப் பிரச்னைகள். ஆனால் அடி விழுவது உடம்புக்கும் சேர்த்துத்தான். புலிமியா இருப்பவர்கள் பலர் சராசரி எடையில்தான் இருப்பார்கள், ஆளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எந்நேரமும் கேமராக்கள் துரத்திய பிரிட்டன் இளவரசி டயானா, தனக்குப் புலிமியா இருந்ததை 1995-ல் பிபிசி பேட்டியில் அவரே சொன்னது நினைவிருக்கலாம்.

வயிற்றுக்குள் என்னதான் நடக்குது?

உணவுக்குழாய் வயிற்றோடு சேரும் இடத்தில் வளையம் போல ஒரு தசை இருக்கு. பாட்டி இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையை நினைச்சுக்கோங்க. உணவு உள்ளே போக வாயைத் திறக்கும், போனதும் இறுக்கிக்கொள்ளும். அது சரியாக இறுகாதபோது வயிற்று அமிலம் மேலே ஏறி வரும். அமிலத்தைத் தாங்கும் பூச்சு வயிற்றுச் சுவருக்கு இருக்கு, உணவுக்குழாய்க்கு அந்த அளவு இல்லை. அதனால்தான் எரிச்சல். அடிக்கடி வாந்தி எடுத்தவர்களுக்கு உணவுக்குழாயின் உட்சுவர் ஏற்கெனவே புண்பட்டிருக்கும். வாந்தி நின்ற பிறகும் அந்தப் புண் ஆற நாள் பிடிக்கும்.

பட்டினி கிடந்தவர்களின் கதை வேறு. நீண்ட நாள் சரியான உணவு இல்லாதபோது, இரைப்பை தன் வேகத்தைக் குறைத்துவிடும். ஒரு இட்லி போனாலும் அது அங்கேயே ரொம்ப நேரம் தங்கும். வயிறு உப்பும், அழுத்தம் கூடும், உள்ளே இருப்பது மேல்நோக்கித் தள்ளும். கூடவே மலச்சிக்கல் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆறுதலான விஷயம் என்னன்னா, இந்த மந்தம் பெரும்பாலும் நிரந்தரம் கிடையாது. உணவு ஒழுங்காக உள்ளே போகப் போக, சில வாரங்களில் இரைப்பை மெல்ல மெல்ல வேகம் பிடிக்கும். அதாவது சாப்பிடும்போது வரும் இந்தத் தொல்லைக்கு முக்கியமான மருந்தே சாப்பாடுதான். கேட்க முரணாக இருக்கும், ஆனால் உடம்பின் கணக்கு அப்படி.

ஊர் சொல்லும் டிப்ஸ் இங்கே செல்லாது!

அசிடிட்டின்னு சொன்னதுமே நமக்குக் கிடைக்கும் அறிவுரைகள் எல்லாருக்கும் தெரியும். காரம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், புளி வேண்டாம், ராத்திரி சாப்பாட்டைக் குறை, எடையைக் குறை, ஒரு வேளை வயித்தைக் காயப்போடு. மற்றவர்களுக்கு இதில் சிலது உதவலாம். ஏற்கெனவே ‘வேண்டாம்’ பட்டியலிலேயே வாழ்ந்து, அதிலிருந்து கஷ்டப்பட்டு வெளியே வருபவருக்கு இது திரும்பவும் அதே பட்டியல்தான். இந்த முறை ‘உடம்புக்கு ஆகாது’ என்ற நியாயமான காரணம் வேறு கிடைச்சிடும்.

அதனால் மீட்சிக் காலத்தில் அளவைக் குறைக்கக் கூடாது. சாப்பிடும் நேரத்தையும் பகுத்துச் சாப்பிடும் விதத்தையும்தான் மாற்றிப் பார்க்கணும். மூன்று பெரிய வேளைகளில் சாப்பிட வேண்டியதை ஐந்தாறு சின்ன வேளைகளாகப் பிரிக்கலாம். மொத்த அளவு அதேதான். காலையில் நாலு இட்லி கனமாக இருந்தால் இரண்டை இப்போதும், மீதியைப் பதினோரு மணிக்கும் சாப்பிடலாம். திடமான உணவைவிட நீராகாரம் வயிற்றைவிட்டுச் சீக்கிரம் இறங்கும். எனவே உப்புசம் அதிகமான நாட்களில் ஒரு வேளையின் ஒரு பங்கைப் பால் சேர்த்த கேழ்வரகுக் கஞ்சியாகவோ மில்க் ஷேக்காகவோ எடுக்கலாமா என்று டயட்டீஷியனிடம் கேளுங்க. தட்டு நிறைய பச்சைக் காய்கறி சாலட் ஆரோக்கியம்னு தோணும், ஆனால் மந்தமான வயிற்றுக்கு அது பெரிய சுமை. அதில் சக்தியும் குறைவு.

சாப்பாட்டுக்கு முன்னாடி சொம்பு நிறைய சீரகத் தண்ணி குடிக்கும் பழக்கமும் வேண்டாம். சீரகத்தின் மேல் புகார் இல்லை, அது சாப்பாட்டின் இடத்தைப் பிடிச்சிடும் என்பதுதான் பிரச்னை. தண்ணீரைச் சாப்பாட்டுக்கு இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். வெறும் வயிற்றில் பிளாக் காபி, ‘ஜீரணத்துக்கு’ சோடா, இரண்டையும் தவிர்க்கலாம். நிச்சயமாக ஒரு குறிப்பிட்ட உணவுதான் எரிச்சலைத் தருதுன்னா, அதை நிறுத்தும்போதே அதற்கு ஈடாக என்ன சேர்ப்பது என்பதையும் டயட்டீஷியனோடு முடிவு பண்ணணும். ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்கணும், அவ்ளோதான் விதி.

ராத்திரி விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு சிக்கல் இருக்கு. சீரியல் முடிஞ்சு பத்து மணிக்குச் சாப்பாடு, பத்தரைக்குப் படுக்கை. படுக்கைக்கும் கடைசி உணவுக்கும் 2 முதல் 3 மணி நேரம் இடைவெளி தேவை. இரவு உணவை எட்டு மணிக்கு முன் நகர்த்துங்க; நேரமாச்சுன்னு ஒரேயடியாக விட்டுவிடக் கூடாது. படுக்கையில் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து 6 முதல் 8 அங்குலம் உயர்த்தலாம். தலையணைகளை அடுக்கினால் இடுப்பு மடங்கி, வயிறு இன்னும் அழுந்தும். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுப்பது நல்லது, அந்த நிலையில் அமிலம் மேலேறுவது குறையும்.

சாப்பிட்ட பிறகு வரும் அந்த ஒரு மணி நேரம்

புலிமியாவில் இருந்து மீள்பவர்களுக்கு இதுதான் ரொம்பக் கடினமான நேரம். எதுக்களிப்பு தரும் உணர்வும், முன்பு வாந்தி எடுக்கும்போது இருந்த உணர்வும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ‘பாதி மேல வந்துடுச்சு, மீதியையும் வெளியே தள்ளிட்டா நிம்மதி’ என்று மனசு பேரம் பேசும். இதை வீட்டில் இருப்பவர்கள் புரிஞ்சுக்கணும். அந்த நேரத்தில் தனியாக விடாமல், ஹாலில் நிமிர்ந்து உட்கார வைத்து, சாப்பாட்டைத் தவிர வேற எதையாவது பேசிக்கிட்டிருங்க. ‘எவ்ளோ சாப்பிட்ட?’, ‘முகம் கொஞ்சம் தெளிஞ்சிருக்கு’ போன்ற வார்த்தைகள் அன்பாகச் சொல்லப்பட்டாலும் வேண்டாம். இறுக்கமான பேன்ட், இடுப்பில் இறுக்கிக் கட்டும் நாடா இரண்டையும் தளர்த்திவிடலாம். ‘சாப்பிட்டதும் நூறடி நட’ என்பார்கள். ஓயாமல் உடற்பயிற்சி செய்தே ஆகணும் என்ற கட்டாயமும் இருந்தவருக்கு அதை டாக்டரிடம் கேட்காமல் சொல்ல வேண்டாம்.

அமிலம் வாய் வரைக்கும் வந்துட்டா உடனே பல் துலக்காதீங்க. அமிலம் பட்டு இளகியிருக்கும் எனாமலை பிரஷ் தேய்த்துவிடும். தண்ணீரில் வாயைக் கொப்பளிச்சுட்டு, அரை மணி நேரமாவது கழித்துத் துலக்கலாம்.

இன்னொன்றும் கவனிக்கணும். சாப்பிட்ட சில நிமிஷத்திலேயே, குமட்டலும் எரிச்சலும் இல்லாமல், புளிப்பே ஏறாத உணவு தானாக வாய்க்குத் திரும்பி வருதா? அது அசிடிட்டியாக இல்லாமல் ‘ரூமினேஷன்’ என்ற வேறொரு பிரச்னையாக இருக்கலாம். ஈட்டிங் டிஸார்டர் உள்ளவர்களிடம் இது காணப்படுவதுண்டு. அமில மாத்திரை அதற்குப் பெரிதாக உதவாது. சாப்பிட்டதும் வயிறு எழுந்து தாழுமாறு மெதுவாக மூச்சுவிடும் பயிற்சிதான் அதற்கு முக்கிய சிகிச்சை.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கலாமா?

வேண்டாம். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லணும். கேஸ் ட்ரபிள்னு கேட்டதும் கடைகளில் கிடைக்கும் மாத்திரைகளில் பலது, பான்டோபிரசோலோடு டாம்பெரிடோன் சேர்ந்த கூட்டு மருந்து. பல பிராண்டுகளில் பெயரின் கடைசியில் இருக்கும் ‘டி’ இதைத்தான் குறிக்குது. அடிக்கடி வாந்தி எடுத்தவர்களின் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருக்கலாம். அந்த நிலையில் டாம்பெரிடோன் இதயத் துடிப்பின் சீரைக் குலைக்கும் அபாயம் அதிகம். இதயப் பாதிப்பு அபாயத்தைக் காரணம் காட்டித்தான் ஐரோப்பிய மருந்து முகமை 2014-ல் இதன் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு விதித்தது. டாக்டர் எழுதித் தரக் கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. ரத்தப் பரிசோதனையும் இசிஜியும் பார்த்துட்டு அவர்தான் முடிவு செய்யணும். தண்ணீரில் போட்டால் பொங்கும் சோடா உப்பு பவுடர்களும் இவர்களுக்குச் சரிப்படாது. தொடர் வாந்தியால் ஏற்கெனவே ரத்தத்தில் காரத்தன்மை கூடியிருக்கலாம், அதை இது இன்னும் ஏற்றும்.

பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் வகை மாத்திரைகளை டாக்டர் தந்திருந்தால், பொதுவாகக் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு எடுக்கணும். உணவு வரும்போதுதான் வயிற்றின் அமிலப் பம்புகள் முழுசாக இயங்கும், மாத்திரை அப்போதுதான் அவற்றைப் பிடித்து நிறுத்தும். மாத்திரையைப் போட்டுட்டு டிபனை விட்டுட்டா முழுப் பலன் கிடைக்காது. நீண்ட நாள் எடுத்தவர்கள் திடீர்னு நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கக் கூடும். குறைப்பதும் டாக்டர் சொல்படிதான்.

இதெல்லாம் நடக்கணும்னா, டாக்டருக்கு முழு விவரம் தெரியணும். ‘கேஸ் ட்ரபிள்’ என்று மட்டும் சொன்னால் ‘எடையைக் குறைங்க, எண்ணெயைக் குறைங்க’ என்றுதான் சீட்டு வரும். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால், ‘எனக்கு ஈட்டிங் டிஸார்டர் இருந்தது, சிகிச்சையில் இருக்கேன், உணவைக் குறைக்கச் சொல்லாதீங்க’ என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டலாம்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது எப்போது?

வாந்தியில் ரத்தமோ காபித்தூள் போன்ற துகளோ வந்தால், மலம் தார் போலக் கறுத்தால், வாந்தி எடுத்ததும் நெஞ்சில் கடுமையான வலி வந்தால், விழுங்கும்போது உணவு சிக்கிக்கொண்டால், மயக்கமோ படபடப்போ இருந்தால் காத்திருக்க வேண்டாம். சிகிச்சை தொடங்கிய முதல் சில நாட்களில் கால் வீக்கம், மூச்சு வாங்குதல், குழப்பம் தெரிந்தாலும் அப்படியே. அது நீண்ட பட்டினிக்குப் பின் உடம்பில் உப்புகளின் சமநிலை குலைவதன் அறிகுறியாக இருக்கலாம். ஆம்புலன்ஸுக்கு 108.

மனசு பழைய பக்கம் இழுக்குதுன்னா மத்திய அரசின் டெலி மனாஸ் எண் 14416-க்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 உதவி எண்ணும் இருக்கு.