‘இது வான்கோ மாதிரி இருக்கே!’ – ஓவியர் பணிக்கர் தன் பாணியைக் கண்டது எப்படி?

‘நம்ம வேலையில வேற யாரோ ஸ்டைல் தெரியுதே’ என்று கவலைப்படும் டிசைனரா நீங்கள்? ஈசிஆரில் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள்.

1966-ல் அதைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கரின் ஆரம்பகால ஓவியங்களில் வான்கோ, காகின் சாயல் நன்றாகவே தெரியும். வண்ணத்தைப் பயமில்லாமல் கையாளும் துணிச்சல் அவர்களிடம் கிடைத்தது என்றே சொல்லலாம். ஆனால், எதை வரைவது?

அதற்கான விடை 1963-ல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் கிடைத்தது. கணக்குக் குறிகள், ஜாதகக் கட்டங்கள், வாசித்தால் பொருள் தராத எழுத்து வரிகள்... எல்லாம் நம்ம வீட்டு அலமாரியில் கிடக்கிற சமாச்சாரம்தான்! அப்போது சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த அவருக்கு வயது 52.