மகனோடு விமானத்திலிருந்து குதித்தேன்!

சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து, "அடிச்சுட்டாங்கடா! விழுந்துட்டேன், யாராச்சும் வந்து தூக்குங்கடா!" என்று ஒரே அலறல். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். ஒன்பதாவது படிக்கும் என் மகன் கட்டிலில் சாவகாசமாகச் சாய்ந்துகொண்டு கைபேசியைத் தட்டிக்கொண்டிருக்கிறான். விழுந்தது அவன் இல்லையாம், உள்ளே ஓடுகிற பொம்மையாம்! கடுகு கருகியதுதான் மிச்சம்.

உங்கள் வீட்டிலும் இந்தக் கூத்து நடக்கிறதுதானே? 2020 ஊரடங்கில் பள்ளிக்கூடப் பாடத்துக்கென்று கையில் கொடுத்த போன். பாடம் போயிற்று, போன் தங்கிவிட்டது. 'பப்ஜி'யை அந்த வருஷம் செப்டம்பர் 2-ந் தேதி இன்னும் 117 செயலிகளோடு சேர்த்து அரசாங்கம் தடை செய்தது. 2021 ஜூலையில் 'பிஜிஎம்ஐ' என்று பெயர் மாற்றி வந்தது. 2022 ஜூலையில் அதுவும் காணாமல் போய், 2023 மே மாதம் திரும்பி வந்தது. 'ஃப்ரீ ஃபயர்' ஆட்டமும் தடைக்குத் தப்பவில்லை. நம் ஊர் உயர் நீதிமன்றக் கிளையிலேயே 2022-ல் இதைப் பற்றி நீதிபதிகள் கவலைப்பட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

நானும் முதலில் எல்லா அம்மாக்களும் செய்வதைத்தான் செய்தேன். போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை அவனுக்கு. எனக்கு மட்டும் இறங்கியதா என்ன? ஒத்தக்கடையிலிருந்து வந்திருந்த என் நாத்தனார்தான், "அண்ணி, அவன் அதுல என்னதான் பண்றான்னு ஒரு தடவை கூட உக்காந்து பாத்தீங்களா?" என்று கேட்டாள். சுருக்கென்றது.

அன்று ராத்திரி போனைத் திருப்பிக் கொடுத்து, "எனக்கும் சொல்லிக் குடுடா" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் சொல்லிக் கொடுத்தான்.

முதல் பாடம் பயிற்சி மைதானம். அங்கே யாரும் நம்மைச் சுட மாட்டார்கள். இடது கட்டைவிரலால் நடக்க வேண்டும். வலது கட்டைவிரலால் திரும்பிப் பார்க்கவும் சுடவும் வேண்டும். கேட்க எளிது! முதல் நாள் முழுக்க நான் வானத்தைப் பார்த்தபடி சுவரில் முட்டிக்கொண்டே இருந்தேன். அரை மணி பழகினால் கை வந்துவிடும்.

அடுத்து 'டீம் டெத்மேட்ச்'. பெயர்தான் பயங்கரம். சின்ன இடம், நாலு பேருக்கு நாலு பேர். செத்தால் சில விநாடியில் மறுபடி பிறந்துவிடலாம். நாற்பது பேரை முதலில் வீழ்த்தும் கட்சி ஜெயித்தது. சில நிமிஷத்தில் முடிந்துவிடும் என்பதால் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதுதான் தோது.

பெரிய ஆட்டத்தில் நூறு பேர் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கிறார்கள். 'எரங்கல்' என்ற தீவு, நீளம் அகலம் இரண்டும் எட்டு கிலோமீட்டர். கையில் ஒன்றும் இருக்காது; வீடு வீடாக நுழைந்து பொறுக்க வேண்டும். துப்பாக்கி கிடைத்தால் மட்டும் போதாது, அதற்குப் பொருத்தமான குண்டும் வேண்டும். எம்416-க்கு 5.56, ஏகேஎம்முக்கு 7.62. மிக்ஸி ஒன்று, ஜார் வேறு கம்பெனி என்றால் அரைக்குமா? அது மாதிரிதான். தலைக்கவசத்தையும் மார்புக்கவசத்தையும் மறக்கக் கூடாது.

நீல வட்டம் ஒன்று சுருங்கிக்கொண்டே வரும். அதற்கு வெளியே நின்றால் உயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். "ம்மா, அங்கிட்டு போகாத, ஜோன் வருது! வெரசா இங்கிட்டு வா!" என்று அவன் கத்துவான். வெட்டவெளியில் ஓடாமல் மரம், சுவர் ஓரமாகப் போக வேண்டும். காதில் ஹெட்போன் இருந்தால் எதிரியின் காலடி எந்தப் பக்கம் என்று தெரியும். இதில் மட்டும் நான் அவனைவிடக் கெட்டி. கொல்லையில் துணி துவைத்துக்கொண்டே அடுக்களைக் குக்கரின் விசிலை எண்ணுகிற காதாயிற்றே! ஆரம்பத்தில் எதிரே வருகிறவர்களில் பலர் மனுஷர்களே இல்லை, கம்ப்யூட்டர் ஆட்டிவைக்கும் பொம்மைகள். அதனால் முதல் வெற்றியில் ரொம்பவும் துள்ளிக் குதிக்க வேண்டாம் (நான் குதித்தேன்).

விளையாடிய பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது. இந்த ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைக்க முடியாது. நால்வர் சேர்ந்த கட்சியில் ஒருவன் எழுந்து போனால் மற்ற மூவரும் மாட்டிக்கொள்வார்கள். "சாப்பிட வாடா" என்று நான் கூப்பிட்டபோதெல்லாம் அவன் சீறியது இதற்குத்தானா! இப்போது, "எத்தனை பேர் பாக்கி?" என்று கேட்கிறேன். "பன்னெண்டும்மா" என்றால் தோசைக்கல்லை அடுப்பில் வைக்கிறேன். ஒரு ஆட்டம் அரைமணி. நாளைக்கு இரண்டு ஆட்டம் என்று பேச்சு. பதினெட்டு வயதுக்குக் கீழே நாளுக்கு மூன்று மணி நேரம் என்று ஆட்டக்காரர்களே வரம்பு வைத்திருக்கிறார்கள். அம்மா கணக்கில் அதுவே அதிகம்.

ஒரு சனிக்கிழமை. நாங்கள் இருவர், கூட முன்பின் தெரியாத இருவர். அதில் ஒரு குரல், "தம்பி, 600 யூசி ஃப்ரீயா தர்றேன். அம்மா போன்ல ஓடிபி வரும், சொல்லு" என்றது. யூசி என்பது ஆட்டத்துக்குள் செல்லும் காசு. அதை வாங்க நம் நிஜக் காசு வேண்டும். நான் பேசவில்லை. மகன் என் முகத்தைப் பார்த்தான், போனைக் கவிழ்த்து வைத்தான்.

"ம்மா... போன வருஷம் ஒருத்தன் இப்படித்தான் கேட்டான். உன் கார்டை போட்டோ எடுத்து அனுப்பினேன். ஓடிபியும் சொன்னேன்."

போன வருஷம் என் கணக்கிலிருந்து 1,800 ரூபாய் போயிருந்தது. சீட்டு கட்டிவிட்டு மறைக்கிறாய் என்று அவர் என்னைக் கோபித்துக்கொண்டு, பத்து நாள் வீட்டில் பேச்சே இல்லை. அந்தப் பத்து நாளும் இந்தப் பிள்ளை எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான், வாயைத் திறக்காமல். அடிக்கக் கை ஓங்கவில்லை. அழுகைதான் வந்தது, இருவருக்கும்.

அன்றைக்கே செய்ததைச் சொல்லிவிடுகிறேன். வங்கியில் சொல்லிப் பழைய கார்டை முடக்கினேன். கட்சி சேர்க்கும் இடத்தில் 'ஆட்டோ மேட்சிங்' என்ற குறியை எடுத்துவிட்டோம். இனித் தெரிந்தவர்கள் மட்டும்தான். தப்பித்தவறி வெளியாள் வந்தால் அவர் குரலை அடைத்துவிடலாம். பணம் போனது தெரிந்த உடனே 1930-க்குப் பேச வேண்டும், தாமதித்தால் பிடிப்பது கஷ்டம். எனக்கு ஒரு வருஷம் கழித்துத் தெரிந்து என்ன பயன்?

உடம்பு விஷயமும் உண்டு. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, இருபது அடி தள்ளி இருப்பதை இருபது விநாடி பார்க்கச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் அது எதிர்வீட்டு வேப்பமரம். தூக்கம், படிப்பு, சிநேகிதம் எல்லாம் கெட்டும் விட முடியவில்லை, அது மாதக்கணக்கில் நீள்கிறது என்றால் சமாசாரமே வேறு. உலக சுகாதார நிறுவனம் அதை ஒரு கோளாறாகவே 2019-ல் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அப்போது மனநல டாக்டரைப் பாருங்கள். 14416-க்குப் பேசினாலும் வழி சொல்வார்கள், கட்டணம் கிடையாது.

அவரிடம் 1,800 ரூபாய்க் கதையை மகனே சொன்னான். கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்கம்மாகிட்ட நான்தான் மன்னிப்பு கேக்கணும் போல" என்றார். இன்னும் கேட்கவில்லை. ஆனால் நேற்று, "அந்த நாலாவது ஆள் இடம் காலியா இருக்கா?" என்று விசாரித்தார்.