கோபம் தணிந்ததும் பிள்ளையிடம் திரும்புவோம்

பொறுமைக்கு எடுத்துக்காட்டாகத் தாயைச் சொல்வது எங்கள் வழக்கம். பூமாதேவிக்கு ஒப்பிட்டுப் பேசுவார்கள். ஆனால் விடியப்புறம் எழும்பிக் கிணற்றில் தண்ணீர் அள்ளி, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பாடசாலைக்கு வெளிக்கிடுத்தி, பின்னர் கூலி வேலைக்கோ கருவாடு போடவோ போய், மாலையில் கிழமைக் கடன் அறவிட வருபவருக்குப் பதில் சொல்லவேண்டிய பெண்ணுக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வரும் என்று எவரும் கேட்பதில்லை. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளை புட்டுக் கோப்பையைத் தட்டிக் கொட்டிவிடுகிறது. தாயின் கை அகப்பைக் காம்பைத் தேடுகிறது. அடி விழுகிறது. பிள்ளை அழுதபடியே உறங்கிவிட, தாய் விடியும்வரை உறங்காமல் கிடக்கிறாள். "நான் நல்ல தாயில்லை" என்ற எண்ணம் அவளை அரிக்கிறது.

இப்படி உறங்காமல் கிடக்கும் தாய்மாருக்காகவே இக்கட்டுரை. கோபமே வராத தாய் உலகில் எங்கும் இல்லை. கோபம் வந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் பிள்ளையின் மனநலம் பெருமளவு தங்கியிருக்கிறது. அதை அறிந்துகொண்டால் எங்கள் மனப்பாரத்திலும் ஒரு பங்கு குறையும்.

மூன்று தலைமுறையின் சுமை

முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக அமைந்த ஊர் கொக்கிளாய். மீனும் இறாலும் கொடுத்த களப்பு அது. 1984ஆம் ஆண்டு டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய ஊர்களின் மக்கள் வீடு வளவு, தோணி, வலை எல்லாவற்றையும் விட்டு வெளியேற நேர்ந்தது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அன்று வெளியேறிய இளம் தாய் இன்று அம்மம்மா. அவள் தூக்கிச் சென்ற குழந்தை, மற்றவர் வளவில் போட்ட கொட்டிலில் வளர்ந்தது. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குச் சொந்த ஊர் என்பது பெரியவர்கள் சொல்லும் கதையாக மட்டுமே இருந்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. 2009இல் முள்ளிவாய்க்கால். அதன்பின் செட்டிகுளம் முகாம்களின் முட்கம்பி வேலி. அதற்கும் பிறகுதான், கால் நூற்றாண்டு கடந்து, ஊருக்குத் திரும்ப முடிந்தது. திரும்பியவர்களைப் பற்றை மூடிய வளவுகளும், காணி பற்றியும் கரைவலைப் பாடு பற்றியும் தீராத பிணக்குகளும் எதிர்கொண்டன.

இன்று அங்கே முப்பது வயதில் பிள்ளை வளர்க்கும் தாய் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். விளையாட வேண்டிய வயதில் பதுங்குகுழிக்குள் இருந்தவள் அவள். தன் தாய் அமைதியாக இருந்து தலைவாரிவிட்ட நாட்கள் அவள் நினைவில் மிகக் குறைவு. தனக்குக் கிடைக்காத அமைதியைத் தன் பிள்ளைக்குக் கொடுக்கும்படி அவளிடம் கேட்கிறோம். இது எவ்வளவு பெரிய வேலை என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

உடம்பு மறக்கவில்லை

ஷெல் கூவும் சத்தம் கேட்டதும் யோசிக்காமல் பதுங்குகுழிக்குள் பாய்ந்தோம் அல்லவா? ஆபத்தை உணர்ந்தவுடன் மூளை உடம்புக்கு எச்சரிக்கை விடுக்கிறது. அட்ரினலின் என்ற சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வேகமாகிறது, கைகால் இறுகுகிறது. நின்று யோசிக்கும் சக்தி அந்த நேரம் பின்னுக்குப் போய்விடுகிறது. அன்று எங்களைக் காப்பாற்றியது இந்த எச்சரிக்கைதான்.

நீண்டகாலம் ஆபத்தில் வாழ்ந்த உடம்பில் இந்த எச்சரிக்கை இலகுவில் ஓய்வதில்லை. சட்டி விழும் சத்தம், பிள்ளையின் வீரிட்ட அழுகை, படலையில் யாரோ கூப்பிடும் குரல் எல்லாமே ஆபத்துப் போலத் தோன்றும். பசியும் நித்திரையின்மையும் கடன் கவலையும் சேர்ந்துவிட்டால் சிறு தூண்டுதலே போதும். இதை உங்கள் குணக்கேடு என்று எண்ணவேண்டாம். பட்ட துன்பம் உடம்பில் விட்டுச்சென்ற பழக்கம் இது. பழக்கம் என்பதால் மெல்ல மெல்ல மாற்றவும் முடியும்.

எல்லாத் தாய்மாருக்கும் இது கோபமாக வருவதில்லை. சிலர் அப்படியே மௌனமாகிவிடுவார்கள். 2023 ஜூன் மாத இறுதியில் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்க நிலத்தைத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. 2024 ஜூலை வரை நடந்த அகழ்வில் 52 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 முதல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தொடர் போராட்டம் நடத்திவந்த காலம் அது. தம்பியையோ தமக்கையையோ தகப்பனையோ தேடிக்கொண்டிருக்கும் ஒரு பெண் அந்தச் செய்திகளைக் கேட்ட நாளில் எப்படிச் சமைத்திருப்பாள், எப்படிப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்திருப்பாள்? அவள் வெறித்த பார்வையோடு திண்ணையில் இருந்திருப்பாள். அம்மா ஏன் பேசவில்லை என்று பிள்ளைக்குத் தெரியாது. தான் ஏதோ பிழை செய்துவிட்டதாகவே அது நினைத்துக்கொள்ளும்.

பிள்ளைக்குக் காவல் எது?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லண்டன் நகர்மீது குண்டு விழுந்துகொண்டிருந்தது. அன்னா பிராய்ட், டொரத்தி பேர்லிங்கம் என்ற இரு பெண்கள் அங்கே சிறுவர் இல்லங்களை நடத்திப் பிள்ளைகளை அருகிருந்து கவனித்தார்கள். குண்டுவீச்சின்போது தாயோடு அல்லது பழகிய ஒருவரோடு இருந்த பிள்ளைகளைவிட, பாதுகாப்புக்காக வீட்டாரைப் பிரிந்து அனுப்பப்பட்ட பிள்ளைகளே பெரும்பாலும் கூடுதலாகக் கலங்கியிருந்ததை அவர்கள் எழுதிவைத்தார்கள். தாய் பதறினால் பிள்ளையும் பதறியது. தாய் நிதானித்தால் பிள்ளையும் நிதானித்தது.

எங்கள் மண்ணிலும் இது ஆராயப்பட்டிருக்கிறது. ஜேர்மனியின் பீலபெல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வட இலங்கையின் தமிழ்ச் சமூகங்களில் 7 முதல் 11 வயது வரையான 359 பிள்ளைகளிடம் பேசி, 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெற்றோரின் அன்பும் கவனிப்பும் தனக்கு நிறையக் கிடைக்கிறது என்று உணர்ந்த பிள்ளைகளிடம், போரும் ஆழிப்பேரலையும் தந்த தாக்கம் பயமாகவும் கவலையாகவும் ஒதுங்கியிருக்கும் சுபாவமாகவும் மாறுவது குறைவாக இருந்தது. இங்கே பிள்ளை "உணர்ந்த" அன்பு என்பதைக் கவனியுங்கள். மனதுக்குள் மலையளவு பாசம் இருக்கலாம். பிள்ளைக்கு அது பார்வையாலும் சொல்லாலும் தொடுகையாலும் தெரியவேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் எட்வேர்ட் ட்ரொனிக் 1970களில் செய்த பரிசோதனையும் இதனோடு சேர்த்து அறியத்தக்கது. குழந்தையோடு சிரித்து விளையாடிய தாயை, சில நிமிடம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருக்கச் சொன்னார். குழந்தை முதலில் சிரித்து அழைத்தது, கையை நீட்டியது, பின்னர் கலங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டது. தாய் மீண்டும் பழையபடி முகம் மலர்ந்தபோது குழந்தை மெல்ல மெல்ல அவளிடம் திரும்பியது. தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே விலகல் நேர்வது இயல்பு, அந்த விலகல் திரும்பத் திரும்பச் சரிசெய்யப்படுவதே முக்கியம் என்பது அவர் கண்ட முடிவு.

வீட்டில் செய்யக்கூடியவை

1. முதல் அறிகுறியை அறிந்துகொள்ளுங்கள். ஒருவருக்குத் தாடை இறுகும், இன்னொருவருக்குக் காது சூடேறும், வேறொருவருக்குக் குரல் உயரும். உங்களுக்கு எது முதலில் வருகிறது என்று ஒரு கிழமை கவனியுங்கள். எந்த நேரத்தில் வருகிறது என்றும் பாருங்கள். பலருக்கு அது பசித்த மாலை நேரமாக இருக்கும். பிள்ளைகளுக்குச் சோறு போடுவதற்கு முன் நீங்கள் ஒரு வாய் தேநீராவது குடித்துக்கொள்ளுங்கள்.

2. இரண்டடி விலகுங்கள். அறிகுறி தெரிந்ததும் கையில் உள்ளதைக் கீழே வையுங்கள். "அம்மாவுக்குக் கோபமாக இருக்கு. முகம் கழுவிக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போங்கள். சொல்லாமல் போனால் பிள்ளை பயப்படும். மூச்சை மெதுவாக உள்ளே எடுத்து, எடுத்ததைவிட நீண்ட நேரம் வெளியே விடுங்கள். பத்து முறை செய்தால் நெஞ்சுத் துடிப்பு மெல்ல அடங்கும். மூச்சை விடும்போது ஓம் என்றோ இயேசுவே என்றோ உங்கள் நம்பிக்கைக்கு ஏற்ற சொல்லை மனதுக்குள் சொல்லலாம். கைக்குழந்தை ஓயாமல் அழுது உங்களுக்குத் தாங்கமுடியாமல் போனால், அதைப் பாதுகாப்பாகப் பாயில் நிமிர்த்திக் கிடத்திவிட்டுச் சற்று விலகி நில்லுங்கள். குழந்தையை ஒருபோதும் உலுக்கக் கூடாது. மூளையில் இரத்தம் கசிந்து உயிராபத்து ஏற்படலாம்.

3. திரும்பி வாருங்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். ஏசியோ அடித்தோவிட்டால், கோபம் தணிந்ததும் பிள்ளையின் அருகில் இருந்து சொல்லுங்கள்: "அம்மா அடிச்சது பிழை. உனக்கு நொந்திருக்கும். கோப்பையைக் கவனமாகப் பிடிக்கவேணும், ஆனா அதுக்கு அடிச்சிருக்கக் கூடாது." இப்படிச் சொன்னால் பிள்ளைக்கு மதிப்பு இல்லாமல் போய்விடும் என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். உண்மையில் பிழையை ஒத்துக்கொள்வது எப்படி என்பதைப் பிள்ளை உங்களிடமே கற்கிறது. "நீ செய்ததாலதான் அடிச்சனான்" என்று பழியை அதன் தலையில் போடாதீர்கள்.

4. ஒரு நாளில் பத்து நிமிடம் அந்தப் பிள்ளைக்கே கொடுங்கள். இதற்குக் காசு வேண்டியதில்லை. வலை பொத்தும்போது அருகில் இருத்திக் கதை கேட்கலாம், தலைக்கு எண்ணெய் வைக்கலாம், களப்புக்கு வந்திறங்கும் பறவைகளை எண்ணலாம். அந்தப் பத்து நிமிடமும் புத்திமதி வேண்டாம். தொலைபேசியும் வேண்டாம்.

5. மௌனத்துக்குக் காரணம் சொல்லுங்கள். "அம்மாவுக்கு இண்டைக்கு மனம் சரியில்லை. உன்னால இல்லை" என்ற இரண்டு வசனம் போதும். சுவரில் இருக்கும் படத்தைக் காட்டி "இந்த மாமா எங்கே?" என்று பிள்ளை கேட்டால், வெளிநாடு போய்விட்டார் என்று பொய் சொல்லவேண்டாம். "எங்களுக்கும் தெரியாது. தேடிக்கொண்டிருக்கிறம்" என்று வயதுக்கு ஏற்ப உண்மையைச் சொல்லலாம். பயங்கரமான விவரங்களைச் சிறு பிள்ளைக்குச் சொல்லத் தேவையில்லை.

சுமையைத் தனியே தூக்கவேண்டாம்

மூச்சுப் பயிற்சி காணியை மீட்டுத் தராது, கடனையும் அடைக்காது. தாயின் கோபத்துக்குப் பின்னால் இருக்கும் வறுமையையும் அநீதியையும் தாயின் குறையாக மாற்றிவிடுவதும் நியாயமில்லை. ஆகவே பிள்ளை வளர்ப்பு முழுவதும் தாயின் தலையில் என்ற எண்ணத்தை முதலில் விடவேண்டும். கடலால் வந்த கணவர் அரைமணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். குடி உள்ள வீட்டில் பிள்ளைகள் படும் துன்பம் இரட்டிப்பாகும் என்பதை அவரிடம் நிதானமான வேளையில் சொல்லவேண்டும். கணவர் இல்லாத வீடுகளில் அயலில் உள்ள மூன்று நான்கு பெண்கள் முறைவைத்துப் பிள்ளைகளைக் கவனிக்கலாம். இடம்பெயர்ந்த நாட்களில் ஒரே அடுப்பில் பல குடும்பத்துக்குச் சமைத்தோம். அந்தப் பழக்கம் எங்களுக்குப் புதிதில்லை.

கிழமைக் கணக்காக நித்திரை இல்லை, எதிலும் பிடிப்பில்லை, பிள்ளையைக் கடுமையாகக் காயப்படுத்திவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, சாகவேண்டும் போல் இருக்கிறது என்றால் காத்திருக்கவேண்டாம். இவை சிகிச்சையால் குணமாகக்கூடியவை. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு வழிகாட்டுவார். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை, சிறுவர், மகளிர் விடயங்களுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர்களைக் கேட்கலாம். கொக்கிளாய் மக்களுக்கு அது கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலகம். உளநல உதவிக்கு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929, வன்முறைக்கு உள்ளாகும் பெண்களுக்கு 1938 என்ற தொலைபேசி இலக்கங்கள் உண்டு. உளநலப் பிரிவுக்குப் போனால் ஊர் "பைத்தியம்" என்று சொல்லும் என்று அஞ்சவேண்டாம். காய்ச்சலுக்கு மருந்து எடுப்பதைப் போன்றதே இதுவும்.

எவ்வளவோ ஆண்டுகள் கழிந்தும் தங்கள் ஊருக்குத் திரும்பி வந்த மக்கள் கொக்கிளாய் மக்கள். கோபத்தாலோ துயரத்தாலோ பிள்ளையை விட்டு மனம் விலகிப்போகும் நாட்கள் எல்லாத் தாய்மாருக்கும் வரும். விலகிய அதே நாளில், பிள்ளை உறங்குவதற்கு முன், அதன் பாயருகில் போய் இருங்கள். தலையைத் தடவி ஒரு வார்த்தை பேசுங்கள். நாளைய காலையை அந்தப் பிள்ளை பயமின்றித் தொடங்க அது போதும்.