முயல் படம் சொல்வது மெய்யா?

கடையில் ஒரு முகப்பூச்சுக் குழாயைக் கையில் எடுக்கிறீர்கள். அதன் பின்புறத்தில் சிறிய முயல் படம் ஒன்று அச்சிடப்பட்டிருக்கிறது. பக்கத்தில் ‘க்ரூயல்டி ஃப்ரீ’ என்ற சொற்கள். விலங்குகளைத் துன்புறுத்தாமல் உருவாக்கப்பட்ட பொருள் என்பது இதன் கருத்து. இரக்க உள்ளம் படைத்த நீங்கள் சற்றுக் கூடுதலான விலை கொடுத்தும் அதை வாங்குகிறீர்கள். அந்தச் சொற்கள் மெய்தானா என்று எப்படி அறிவது?

பாலில் நீர் கலந்திருக்கிறதா என்று பால்மானியைக் கொண்டு பார்த்துவிடலாம். தங்கத்தின் தரத்தை உரைகல் காட்டிவிடும். ஆனால், அந்த முகப்பூச்சை உலகின் மிகச் சிறந்த வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாலும், அது ஒரு விலங்கின் கண்ணில் இடப்பட்டதா, இல்லையா என்று சொல்ல இயலாது. சோதிக்கப்பட்ட பூச்சும் சோதிக்கப்படாத பூச்சும் ஒரே வேதிப்பொருள்தான். நடந்த சோதனை பொருளில் எந்தத் தடயத்தையும் விட்டுச் செல்வதில்லை. ஆகவே இந்தக் கூற்றின் உண்மையைப் பொருளில் தேடிப் பயனில்லை. ஆய்வுக்கூடப் பதிவேடுகளிலும், மூலப்பொருள் விற்பவரின் கணக்குகளிலும், சட்டங்களிலும்தான் தேட வேண்டும். அங்கே என்ன இருக்கிறது என்று காண்போம்.

சோதனை ஏன் தோன்றியது?

1933ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘லாஷ் லூர்’ என்ற இமைச்சாயம் விற்பனைக்கு வந்தது. அதில் பாரா-ஃபினைலீன் டைஅமீன் என்ற வேதிப்பொருள் இருந்தது. அதைப் பூசிக்கொண்ட பெண்கள் சிலருக்குக் கண்கள் புண்ணாகிப் பார்வை போயிற்று. ஒருவர் இறந்தே போனார். ஒப்பனைப் பொருள்களைத் தடுக்க அப்போதைய அமெரிக்கச் சட்டத்தில் இடமில்லை. 1938இல் புதிய சட்டம் பிறந்த பின்னரே அரசுக்கு அந்த அதிகாரம் கிடைத்தது. இதே வேதிப்பொருள் இன்றும் கறுப்புத் தலைச்சாயங்கள் பலவற்றில் உண்டு. இத்தகைய சாயங்களை இமைக்கும் புருவத்துக்கும் பூசக்கூடாது என்ற எச்சரிக்கை நம் நாட்டுப் பொட்டலங்களில் இருப்பதற்குக் காரணம் இதுவே.

ஒரு பொருள் கண்ணைக் கெடுக்குமா என்று முன்கூட்டியே அறியும் தேவை இவ்வாறு எழுந்தது. அமெரிக்க அரசின் உணவு மருந்துத் துறையில் பணியாற்றிய ஜான் டிரெய்ஸ் என்பவர் 1944இல் ஒரு முறையை வெளியிட்டார். வெள்ளை முயலின் ஒரு கண்ணில் 0.1 மில்லி லிட்டர் அளவு பொருளை இடுவார்கள். மற்றக் கண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விட்டுவிடுவார்கள். பிறகு பல நாள்கள் கண்ணின் சிவப்பு, வீக்கம், புண் ஆகியவற்றைப் பார்த்து மதிப்பெண் இடுவார்கள். மொத்தம் 110 மதிப்பெண்ணில் 80, கருவிழியின்மேல் கண்ணாடிபோல் அமைந்துள்ள விழிவெண்படலத்துக்கு உரியது. முயல் கண்ணைத் தேய்த்துக்கொள்ளாதிருக்க, தலையை மட்டும் வெளியே விட்டு உடலைப் பெட்டிக்குள் அடைத்து வைப்பதும் உண்டு. பழைய முறையில் வலி நீக்கும் மருந்து பொதுவாகத் தரப்படவில்லை.

இவ்வளவு துன்பத்துக்குப் பின் கிடைத்த விடையேனும் உறுதியானதா என்றால், அதுவும் இல்லை. முயலின் விழிவெண்படலம் நம்முடையதைவிட மெல்லியது. அதற்கு மூன்றாவது இமை ஒன்று உண்டு. கண்ணீர் குறைவு. நாம் நிமிடத்துக்குப் பல முறை இமைக்கிறோம். முயல் அரிதாகவே இமைக்கிறது. ஆகவே கண்ணில் விழுந்த பொருள் நம்மிடம் கழுவப்பட்டுப் போவதுபோல் அதனிடம் போவதில்லை. வெயில், ஸ்காலா என்ற ஆய்வாளர்கள் ஒரே பொருள்களை இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பிக் கிடைத்த முடிவுகளை 1971இல் வெளியிட்டனர். ஓரிடத்தில் கடுமையாக எரிக்கும் என்று சொல்லப்பட்ட பொருள் மற்றோரிடத்தில் தீங்கற்றது எனப்பட்டது.

1980ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஹென்றி ஸ்பைரா என்ற ஆசிரியரின் முயற்சியால் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் ஒன்று வந்தது. அழகுக்காக ரெவ்லான் நிறுவனம் எத்தனை முயல்களைக் குருடாக்குகிறது என்பதே அதன் கேள்வி. அந்நிறுவனம் மாற்று முறைகளைத் தேடும் ஆய்வுக்காக ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்கு 7,50,000 டாலர் வழங்க முன்வந்தது. முயலின் துயரத்தை வாங்குவோர் அறிந்தனர். அறிந்ததும் ‘நாங்கள் விலங்குகளில் சோதிப்பதில்லை’ என்பது விற்பனைக்கு உதவும் சொல்லாயிற்று. சிக்கலும் அங்கேதான் தொடங்கியது.

ஒரே சொல், பல பொருள்

இச்சொல்லுக்கு அமெரிக்காவில் சட்ட விளக்கம் ஏதும் இல்லை என்று அந்நாட்டு உணவு மருந்துத் துறையே கூறுகிறது. எனவே பொய் சொல்லாமலே மெய்யை மறைக்க இயலும். எப்படி என்று பாருங்கள்.

முதலாவது, எதைச் சோதிக்கவில்லை என்பது. ‘இந்தப் பொருள் விலங்குகளில் சோதிக்கப்படவில்லை’ என்றால், புட்டியில் அடைத்த முழுமையான பூச்சு சோதிக்கப்படவில்லை என்பது மட்டுமே பொருளாகலாம். அதனுள் இருக்கும் இருபது முப்பது மூலப்பொருள்கள் தனித்தனியே சோதிக்கப்பட்டிருக்கக் கூடும்.

இரண்டாவது, யார் சோதிக்கவில்லை என்பது. ‘நாங்கள் சோதிப்பதில்லை’ என்று சொல்லும் நிறுவனம் வேறோர் ஆய்வுக்கூடத்துக்குப் பணம் கொடுத்துச் செய்திருக்கலாம். மூலப்பொருளை விற்றவர் செய்திருக்கலாம்.

மூன்றாவது, எப்போதிலிருந்து என்பது. இன்று புழக்கத்தில் உள்ள பழைய மூலப்பொருள்களில் பெரும்பாலானவை எப்போதோ ஒரு காலத்தில் விலங்குகளில் சோதிக்கப்பட்டவையே. இவை தீங்கற்றவை என்று நாம் நம்புவதும் அச்சோதனைகளின் முடிவுகளைக் கொண்டுதான். ஆகவே நேர்மையான நிறுவனம், ‘இந்த நாளுக்குப் பின் எங்கள் பொருட்டு எந்தச் சோதனையும் இல்லை’ என்று மட்டுமே உறுதி தர இயலும். நாளைக் குறிப்பிடாத உறுதிமொழி பாதி உறுதிமொழியே.

நான்காவது, எங்கே விற்கப்படுகிறது என்பது. வெளிநாட்டு ஒப்பனைப் பொருள்களை விலங்குகளில் சோதித்த பின்னரே விற்கலாம் என்று சீன அரசு நெடுங்காலம் சட்டம் வைத்திருந்தது. அவான், மேரி கே, எஸ்தே லாடர் ஆகிய நிறுவனங்கள் ‘பீட்டா’ என்ற விலங்கு நல அமைப்பின் நல்ல நிறுவனங்களின் பட்டியலில் பல ஆண்டுகள் இருந்தவை. சீனச் சந்தைக்காக அங்கே நடந்த சோதனைகளுக்கு அவை பணம் கொடுத்தது தெரிய வந்ததும், 2012இல் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அதுவரை பட்டியலை நம்பி வாங்கியவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. 2021 மே முதல், குறிப்பிட்ட சான்றுகள் இருந்தால் ஷாம்பு, முகப்பூச்சு போன்ற சாதாரண இறக்குமதிப் பொருள்களுக்குச் சீனா விலக்கு அளிக்கிறது. தலைச்சாயம் போன்ற சிறப்பு வகைகளுக்கு இந்த விலக்கு எளிதில் கிடைப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐரோப்பிய ஒன்றியம் முழுமையான ஒப்பனைப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பதை 2004இலும், அவற்றின் மூலப்பொருள்களைச் சோதிப்பதை 2009இலும் தடை செய்தது. வெளிநாட்டில் அவ்வாறு சோதிக்கப்பட்டவற்றை விற்பதும் 2013 மார்ச் 11 முதல் முழுமையாகத் தடுக்கப்பட்டது.

நம் நாடும் பின்தங்கவில்லை. 1974 முதல் இயங்கிவரும் ‘பியூட்டி வித்அவுட் குரூயல்டி’ இந்தியக் கிளை போன்ற அமைப்புகள் இதற்காக நெடுங்காலம் குரல் கொடுத்தன. 2014 மே மாதத்தில், ஒப்பனைப் பொருள்களைச் சோதிக்க எந்த விலங்கையும் பயன்படுத்தக் கூடாது என்ற விதி வந்தது. அதே ஆண்டு நவம்பர் 12 முதல், விலங்குகளில் சோதிக்கப்பட்ட ஒப்பனைப் பொருள்களின் இறக்குமதியும் தடை செய்யப்பட்டது. ஆகவே இந்தியாவில் செய்யப்பட்ட சோப்பின்மேல் ‘சோதிக்கப்படவில்லை’ என்று அச்சிடுவது, சட்டத்தை மீறவில்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும். அதைத் தனிப்பெருமையாகக் கொள்ள வேண்டியதில்லை.

சட்டம் இருந்தால் ஐயம் தீர்ந்ததா? இல்லை. ஒரே வேதிப்பொருள் முகப்பூச்சிலும் இருக்கும், மருந்திலும் இருக்கும், சுவருக்கு அடிக்கும் பெயிண்டிலும் இருக்கும். அவற்றுக்குச் சட்டங்கள் வேறு. ஐரோப்பாவில் நடந்த வழக்கு ஒன்று இதைத் தெளிவாக்கும். ஹோமோசலேட் என்பது வெயில் தடுப்புப் பூச்சுகளில் சேர்க்கப்படும் பொருள். ஜெர்மனியைச் சேர்ந்த சிம்ரைஸ் நிறுவனம் அதை ஒப்பனைப் பொருள்களுக்காக மட்டுமே விற்று வந்தது. எனினும், தொழிற்சாலையில் அதைக் கையாளும் தொழிலாளரின் பாதுகாப்புக்காக விலங்குச் சோதனை செய்தாக வேண்டும் என்று ஐரோப்பிய வேதிப்பொருள் முகமை கூறியது. ஒப்பனைச் சட்டம் அதைத் தடுக்கிறதே என்று நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2023 நவம்பர் 22ஆம் நாள் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. பூசிக்கொள்பவருக்காகச் சோதிப்பதை ஒரு சட்டம் தடுக்க, தயாரிப்பவருக்காகச் சோதிக்குமாறு இன்னொரு சட்டம் கட்டளையிடுகிறது. விலங்கின் துன்பம் என்னவோ ஒன்றுதான்.

எந்த முயலை நம்பலாம்?

முயல் படங்கள் எல்லாம் ஒன்றல்ல. சிலவற்றை நிறுவனமே தன் விருப்பப்படி வரைந்து கொள்கிறது. அதற்குப் பின்னால் எந்தச் சான்றும் இருக்க வேண்டுவதில்லை. பீட்டா அமைப்பின் பட்டியலில் சேர, நிறுவனம் கையொப்பமிட்டுத் தரும் உறுதிமொழியே முதன்மையான சான்று. 1996இல் விலங்கு நல அமைப்புகள் பல ஒன்றுகூடி ஏற்படுத்திய ‘லீப்பிங் பன்னி’ முத்திரை இன்னும் சற்றுக் கடுமையானது. நிறுவனம் ஒரு நாளைக் குறிக்க வேண்டும். அந்நாளுக்குப் பின் தானோ, தனக்காகப் பிறரோ, மூலப்பொருள் தருபவரோ சோதிக்கவில்லை என்று காட்ட வேண்டும். ஆண்டுதோறும் உறுதியைப் புதுப்பிக்க வேண்டும். வெளியார் வந்து பதிவேடுகளைத் தணிக்கை செய்ய இடம் தர வேண்டும். வரவு செலவுக் கணக்கை வேறொருவர் தணிக்கை செய்தால் நமக்கு நம்பிக்கை கூடுவது போலத்தான் இதுவும். தணிக்கையிலும் தவறு நேரலாம். ஆயினும், தன் வாயால் தானே சொல்லிக்கொள்வதைவிட அது மேலானது.

இன்னொரு குழப்பத்தையும் நீக்கிக் கொள்ளுங்கள். விலங்கில் சோதிக்காத பொருளில் விலங்கிலிருந்து எடுத்த பொருள் இருக்கலாம். உதட்டுச் சாயத்தின் சிவப்பு, காச்சினீல் பூச்சிகளை உலர்த்தி எடுத்த கார்மைனாக இருக்கலாம். ஆட்டு ரோமத்திலிருந்து கிடைக்கும் லனோலினும், தேன்மெழுகும் கலந்திருக்கலாம். சில சோப்பு உறைகளில் காணும் பச்சைப் புள்ளி இந்த மூலப்பொருள்களைப் பற்றியது. சோதனையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

முயலுக்குப் பதில் என்ன?

சோதனையே வேண்டாம் என்று யாரும் சொல்வதற்கில்லை. அப்படிச் சொன்னால் லாஷ் லூர் மீண்டும் வரும். விலங்கின்றிச் சோதிக்க வேண்டும் என்பதே கோரிக்கை. அறுவை சிகிச்சையில் நீக்கப்படும் மனிதத் தோலிலிருந்து செல்களை எடுத்து, ஊட்டக் கரைசலின்மேல் வளர்க்கிறார்கள். கீழிருந்து ஊட்டமும் மேலிருந்து காற்றும் கிடைக்கும்போது, செல்கள் அடுக்கடுக்காக வளர்ந்து மெல்லிய தோலாகின்றன. இதன்மேல் சோதிக்க வேண்டிய பொருளை இட்டுக் கழுவிவிட்டுப் பின்னர் மஞ்சள் நிறக் கரைசல் ஒன்றைச் சேர்ப்பார்கள். உயிருள்ள செல்கள் அதை நீல ஊதா நிறமாக மாற்றும். இறந்த செல்கள் மாற்றா. நிறத்தின் அடர்த்தியை அளந்தால் உயிருள்ள செல்கள் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அந்த அளவு பாதிக்கு மேல் போகவில்லையெனில் அப்பொருள் தோலை எரிக்கும் என்று கொள்வர். பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு 2010இல் இம்முறையை ஏற்றது. விழிவெண்படலம் போன்று வளர்க்கப்பட்ட மனிதச் செல்களைக் கொண்டு செய்யும் கண் சோதனையை 2015இல் ஏற்றது. முயலின் கண்ணைவிட மனிதச் செல்கள் மனிதனுக்கு நெருங்கியவை அன்றோ?

எனினும் நீண்ட நாள் பயன்பாட்டால் ஈரலுக்கோ, வயிற்றில் வளரும் கருவுக்கோ வரும் தீங்கை ஒரு கிண்ணத்துத் தோல் முழுமையாகச் சொல்லிவிடாது. புத்தம் புதிய மூலப்பொருள்களால் வரும் சிக்கல் இதுவே. பல்லாண்டுகளாகப் பழகிய மூலப்பொருள்களைக் கொண்டே செய்த பூச்சுக்குப் புதிய சோதனைகள் குறைவாகவே தேவைப்படும்.

ஆக, அடுத்த முறை முயல் படத்தைக் காணும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். மூலப்பொருள்களுக்கும் சேர்த்து உறுதி தருகிறார்களா? மூலப்பொருள் தருபவரையும் அது கட்டுப்படுத்துகிறதா? எந்த நாளிலிருந்து? சோதனையைக் கட்டாயமாக்கும் நாடுகளில் விற்கிறார்களா? இவற்றோடு, இதையெல்லாம் சரிபார்த்தவர் யார் என்றும் பாருங்கள். விடை கிடைக்கவில்லையெனில் நிறுவனத்துக்கு ஓர் அஞ்சல் எழுதிக் கேளுங்கள். நேர்மையான நிறுவனத்திடம் விடை ஆயத்தமாகவே இருக்கும். 1980இல் ஒரு கேள்வியை ஊரறியக் கேட்டதால்தான் ஆய்வுக்கூடங்களின் கதவுகள் சிறிதேனும் திறந்தன. முயலால் தன் துயரை எடுத்துச் சொல்ல இயலாது. குழாயில் இருக்கும் பூச்சும் சொல்லாது. கேட்க வேண்டியவர்கள் வாங்கும் நாம்தாம்.